"மயக்க டாக்டர் கார்டு எடுக்க மாட்டார்" என்று யாராவது சொன்னால்...

1/
சங்கரன்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தியேட்டருக்குள்ள போகப் போனேன். வாசல்ல ஒரு விசைத்தறித் தொழிலாளி கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தது.

"சார், கார்டுல எல்லாம் வந்துரும்னுதான் சொன்னாவ. இப்ப மயக்க டாக்டர் கார்டு எடுக்க மாட்டாரு, 8 ஆயிரம் தனியா கட்டுன்னு சொல்லுதாவ. நீங்க கொஞ்சம் அவர்ட்ட பேசுங்க சார்."

அந்த மயக்க டாக்டர் நான்தான்.

2/
நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனா நான் முழுக்க நல்லவனும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி எனக்குப் பல கேஸுக்குப் பாக்கி வச்சிருந்தது. "இன்னைக்கு கேஷாவே தந்துர்றோம் டாக்டர்"னு மேனேஜர் போன்ல சொன்னப்போ, அந்த கேஷ் எங்கிருந்து வருதுன்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும்.

அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். உங்க வீட்டுக்கு ஒருநாள் உதவும், படிச்சு வச்சுக்கோங்க.

3/
முதல்ல அடிப்படை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இணைஞ்சது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

4/
இந்தத் திட்டத்துல சேர்றது ஆஸ்பத்திரி. டாக்டர் இல்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரே மொத்தத் தொகை. படுக்கை, மருந்து, பரிசோதனை, தியேட்டர், சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ் எல்லாமே அதுக்குள்ள அடக்கம்.

அதனால "கார்டு எடுக்கிற மயக்க டாக்டர் எங்க கிடைப்பார்?"னு நீங்க தேட வேண்டியதே இல்லை. கார்டை எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடத்துல மயக்க டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரி எடுத்துட்டா, அவருக்குப் பணம் கொடுக்கிறதும் ஆஸ்பத்திரி பொறுப்பு.

5/
அப்புறம் ஏன் தனியா கேக்குறாங்க?

சின்ன ஊர்ல சர்ஜன் உள்ளூர்க்காரரா இருப்பார், பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அவருடையதா இருக்கும். மயக்க டாக்டர் அப்படி இல்லை. காலையில கோவில்பட்டி, மதியம் சங்கரன்கோவில், ராத்திரி ராஜபாளையம்னு ஓடுவோம். கேஸுக்கு இவ்வளவுன்னு பேச்சு. எழுத்துல எதுவும் இருக்காது.

6/
காப்பீட்டுப் பணம் ஆஸ்பத்திரிக்கு உடனே வராது. தொகை போதலை, லேட்டா வருதுங்கிறது தனியார் ஆஸ்பத்திரிகளோட பழைய புகார். பல நேரம் நியாயமான புகாரும்கூட. ஆனா அந்தத் தாமதத்தை யார் தலையில கட்டுறது? ஆஸ்பத்திரி எங்க தலையில கட்டும். நாங்க "கேஷ் வந்தா வர்றேன்"போம். கடைசியில அது தறி ஓட்டுறவர் வீட்டுக் கம்மல்ல போய் நிக்கும்.

7/
இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல, இன்சூரன்ஸ் ஏத்துக்கிற ஆஸ்பத்திரியாப் பார்த்துச் சேர்ந்தவங்களுக்கும், மயக்க டாக்டர் அந்த இன்சூரன்ஸ்ல இல்லைன்னு தனி பில் வரும். தூக்கத்துல இருக்கிற நோயாளி டாக்டரைத் தேர்ந்தெடுக்கவா முடியும்? அதைத் தடுக்க அங்கே தனியா ஒரு சட்டமே போட்டாங்க. 2022 ஜனவரி 1 முதல் அமல்ல இருக்கு.

நம்ம திட்டத்துல விதி ஏற்கெனவே இருக்கு. வாசல்ல நிக்கிறவங்களுக்கு அது தெரியாதுங்கிறதுதான் பிரச்சினை.

8/
"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போகலாமே?" போகலாம், போங்க. அங்கே மயக்க டாக்டர் சம்பளக்காரர், இந்தப் பேச்சே வராது. ஆனா சின்ன அரசு மருத்துவமனைகள்ல அவர் ஒருத்தர் லீவு போட்டா, "திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க"ன்னு ஆயிடும். 50 கிலோமீட்டருக்கு மேல. இடுப்பு எலும்பு உடைஞ்ச ஆச்சிக்கு ஆம்புலன்ஸ்ல ஒவ்வொரு குலுக்கலும் நரகம். இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடப் போட நிமோனியா, படுக்கைப் புண், ரத்தக்கட்டுன்னு ஆபத்தும் கூடும்.

9/
உங்ககிட்ட தனியா பணம் கேட்டா:

▪ அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க: "இந்த ஆபரேஷனுக்கு உங்க ஆஸ்பத்திரிக்குத் திட்டத்துல அனுமதி இருக்கா?" அனுமதி துறைவாரியாத்தான் கிடைக்கும்.

▪ "மயக்க டாக்டர் ஃபீஸும் இதுலயே அடக்கம்தானே?"ன்னு காப்பீட்டு டெஸ்க்ல நாலு பேர் காதுல விழுற மாதிரி கேளுங்க.

▪ மீறிக் கேட்டா, "ரசீது கொடுங்க, கட்டுறோம்"னு சொல்லுங்க. பாதி இடத்துல பேச்சு அங்கேயே நின்னுரும்.

▪ 1800 425 3993. திட்டத்தோட இலவச எண். கார்டு நம்பரைச் சொல்லிப் புகார் கொடுங்க. கலெக்டர் ஆபீஸ்லயும் மனு கொடுக்கலாம்.

▪ உயிர் போற அவசரம்னா சண்டை போட்டு நேரத்தை விடாதீங்க. ஆபரேஷன் முதல்ல, புகார் அப்புறம்.

10/
இன்னொண்ணு. ஃபீஸைப் பத்திப் பேசுற நேரத்துல பாதியையாவது, மயக்க டாக்டரை முன்னாடியே பார்க்கணும்னு கேட்கச் செலவழிங்க. பிரஷர், சுகர், வீசிங், ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை, முன்னாடி மயக்கம் கொடுத்தப்போ வந்த சிக்கல், எல்லாத்தையும் சொல்லுங்க. மேஜையில படுத்த பிறகு முதல் முறையா என் முகத்தைப் பார்க்கிறது உங்களுக்கு நல்லதில்லை.

11/
அரசுக்கு ஒரு வேண்டுகோள். அரசு மருத்துவமனையில அவசர சிசேரியனுக்கு ஆள் இல்லைன்னா, தனியார் மயக்க டாக்டரைக் கூப்பிட்டு, கேஸுக்கு இவ்வளவுன்னு தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாப் பணம் கொடுக்கிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. காப்பீட்டுலயும் அதே மாதிரி மயக்கத்துக்கான பங்கைத் தனியாப் பிரிச்சு, டாக்டர் கணக்குக்கே நேரா அனுப்புங்க. எங்களுக்குச் சாக்கும் இருக்காது, மேனேஜருக்குப் பொய்யும் இருக்காது.

12/
சக மயக்க டாக்டர்களே, பாக்கி வச்சா ஆஸ்பத்திரியோட சண்டை போடுங்க. அந்த ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்துங்க. அது நம்ம உரிமை. ஆனா நம்ம பேரைச் சொல்லி நோயாளிகிட்ட வசூல் பண்ண விடாதீங்க. கேஷ் கைக்கு வந்தா, எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

13/
அன்னைக்கு அந்த 8 ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஊசி போட்டேன். ஆச்சி நல்லா இருக்காங்க, வாக்கர் வச்சு நடக்கிறாங்க. மகன் எனக்குக் கும்பிடு போட்டார். கூச்சமா இருந்தது. அவர் பணத்தை அவருக்குக் கொடுத்ததுக்கு எதுக்குக் கும்பிடு?

அந்தக் கும்பிடு தேவைப்படாத நாள் வரட்டும். அதுவரைக்கும், 9-ஆவது பதிவை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க.