வானத்திலும் இரட்டை வேலையா?

2007 ஜூலை 27. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தலைநகரான ஃபீனிக்ஸ். வண்டியில் தப்பியோடிய ஒருவனைப் போலீசார் துரத்திக்கொண்டிருந்தனர். அதை நேரடியாக ஒளிபரப்ப ஐந்து செய்தி ஹெலிகாப்டர்கள் வானில் வட்டமிட்டன. அவற்றில் இரண்டு மோதிக்கொண்டு கீழே ஒரு பூங்காவில் விழுந்தன. விமானிகள் இருவர், படம் பிடித்தோர் இருவர், ஆக நான்கு உழைப்பாளிகள் மாண்டனர்.

விமானியின் கவனக்குறைவு என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். ஆனால் அந்தக் கவனத்தைச் சிதறடித்தது எது? அந்த விமானிகளேதான் நிருபர்களும்! கை விமானத்தை ஓட்ட வேண்டும். கண் தரையில் ஓடும் வண்டியைத் தொடர வேண்டும். வாய் நேயர்களுக்கு வர்ணனை சொல்ல வேண்டும். இரண்டு ஆள் வேலை, ஒரு ஆள் தலையில்!

இது நமது கற்பனையல்ல. அமெரிக்க அரசின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009-ல் இதை ஆராய்ந்து முடிவு கூறியது. எதிரே வந்த ஹெலிகாப்டரைக் கண்டு விலகத் தவறியதே விபத்தின் காரணம் என்றது. கூடவே, விமானிகள் மீது சுமத்தப்பட்ட செய்தி வேலையும், இத்தகைய பறத்தலுக்கு அங்கே முறையான நடைமுறைகள் இல்லாததும் துணைக் காரணங்கள் என்றும் கூறியது.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1958-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கே.டி.எல்.ஏ. நிலையம் முதன்முதலாக ஹெலிகாப்டரில் தொலைக்காட்சிக் காமிராவை ஏற்றியது. 1963 டிசம்பரில் அந்நகரின் பால்ட்வின் ஹில்ஸ் அணை உடைந்தபோது, வெள்ளம் வீடுகளை அடித்துச் செல்வதை அதுவே மக்களுக்கு உடனுக்குடன் காட்டியது. வெள்ளத்திலும் காட்டுத் தீயிலும் மேலிருந்து பார்க்கும் கண் மக்களுக்குத் தேவைதான்.

ஆனால் ஒரு திருடனின் ஓட்டம் எந்த மக்களுக்குத் தேவை? ஐந்து நிலையங்களும் ஒரே காட்சியைத்தான் காட்டின. செய்தி ஒன்று, போட்டி ஐந்து. பார்வையாளர் கூடினால் விளம்பர வருமானம் கூடும். இந்தக் கணக்கு முதலாளிக்கு, ஆபத்து தொழிலாளிக்கு!

1960 மே 1-ல் சோவியத் வானத்தில் வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானத்தின் விமானி கேரி பவர்ஸை நேயர்கள் அறிவார்கள். அவர் அதில் பிழைத்தார். 1977 ஆகஸ்ட் 1-ல், காட்டுத் தீயைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புகையில் எரிபொருள் தீர்ந்து செய்தி ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். உடன் சென்ற காமிராக்காரரும் இறந்தார்.

செய்ய வேண்டியது என்ன? விமானி விமானத்தை மட்டும் ஓட்டட்டும். செய்தி சொல்ல வேறு ஆள் அமர்த்தட்டும். ஒரே காட்சிக்கு ஒரே ஹெலிகாப்டர் போதும், படத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். சில அமெரிக்க நகரங்களில் நிலையங்கள் இப்படிப் பகிர்ந்துகொண்டும் இருக்கின்றன. எனவே முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

செய்தி சில நிமிடம் தாமதித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போன உயிர் திரும்புமா?