ஆறாம் நாள்: ஒன்றுமில்லை

விசா விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய பயணத் திட்டத்தில் ஆறாம் நாளுக்கு நேராக ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தேன். தாள்களைச் சரிபார்த்த டிராவல்ஸ்காரர் பேனாவை அந்த வரியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், எதையாவது போடுங்க. மியூசியம், சர்ச், ஏதாவது. காலியா விட்டா டவுட் வரும்.”

“அன்னைக்கு ஒண்ணும் பண்ணப்போறதில்லைங்க. அம்மாவும் நானும் சும்மா இருக்கப்போறோம்.”

“சும்மா இருக்கறதுக்கு ஃபிரான்ஸ் போறீங்களா?”

ஆமாம். அக்டோபர் முதல் பாதியில், தெற்கு ஃபிரான்ஸின் செவென் மலைப்பகுதியில், ஒன்பது நாள். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் என் சண்டை அவரோடு அல்ல. “பிளானே போடாத மச்சான், கால் போற போக்குல போ, அதான் டிராவல்” என்று எனக்கு வகுப்பெடுத்த நண்பர்களோடும், அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த ரீல்ஸ் ஞானிகளோடும்தான்.

முதலில் அந்த ஞானிகள் கிண்டலடிக்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் ஆறு நாடு பார்க்கும் குரூப் டூர் மக்கள். என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் ஒருமுறை போய்வந்தார்கள். அப்பா அச்சடித்த அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். இப்போது அப்பா இல்லை. அந்தத் தாள் வீட்டு பீரோவில் இருக்கிறது, எல்லா வரிக்கும் டிக்கோடு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சேமிப்பில் பெரும்பகுதியைக் கொட்டிப் போகிற மனிதர் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது பேராசை அல்ல. மறுபடி வர முடியாது என்று தெரிந்தவர் போடும் கணக்கு அது. அதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அடுத்த வருடமும் போக முடியும் என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது வேறு. பாரிஸிலிருந்து ஸ்விட்சர்லாந்து போகும் வழியில், நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் பங்க். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அவர் இறங்கிப் போய்விட்டார். பங்குக்குப் பின்னால் வேலி, அதற்கப்பால் புல்வெளி, வெள்ளை மாடுகள். அம்மா புல்லில் கால்நீட்டி உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஃபிள் கோபுரம் பற்றி அம்மா ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அந்த மாடுகளைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அவ்வளவு பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு, டிரைவரின் சட்ட உரிமையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்தப் பயணம் அந்த 45 நிமிடத்தை ஒன்பது நாளாக நீட்டிப் பார்க்கும் முயற்சி. ‘கால் போன போக்கு’ அதற்கு உதவவே உதவாது.

ஏன் என்று கேட்டால், முதல் காரணம் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவார் என்று காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், ஆபீஸிலிருந்து லீவுக் கடிதம், திரும்பிவரும் டிக்கெட், 90 யூரோ கட்டணம். இத்தனையும் கொடுத்தாலும் கிடைக்குமா என்பது அவர்கள் கையில். இந்த வரிசையில் நின்றவனிடம் வந்து “ஸ்பான்டேனியஸா இருடா” என்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

சும்மா அலைவதற்கும் காகிதம் வேண்டும் என்பது இன்று வந்த கதையும் அல்ல. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1875இல் ஃபிரெஞ்சுக் கிராமப்புறத்தில் அழுக்குச் சட்டையோடு, பாஸ்போர்ட் இல்லாமல் நடந்துபோனார். ஷாத்தியோன் சுர் லுவார் என்ற ஊரில் போலீஸ் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. ஒழுங்காக உடுத்தி, கையில் காகிதத்தோடு பின்னால் வந்த நண்பர்தான் மீட்டார். அந்த நண்பர் ஒரு பட்டம் பெற்ற சீமான்.

இந்த ஸ்டீவன்சனைத்தான் நம் ஞானிகள் குலதெய்வமாகக் கும்பிடுகிறார்கள். 1878 இலையுதிர் காலத்தில் மொடஸ்டின் என்ற கழுதையோடு இதே செவென் வழியாக 12 நாளில் சுமார் 120 மைல் நடந்தார். அடுத்த வருடம் வந்த புத்தகம் இன்றும் விற்கிறது. அவர் நடந்த தடம் இன்று ஜிஆர் 70 என்ற நடைபாதை. வாடகைக் கழுதையோடு அதில் போகிறவர்களும் உண்டு. சரி, அவர் எப்படிக் கிளம்பினார்? லெ மொனாஸ்டியே என்ற ஊரில் கிட்டத்தட்ட ஒரு மாதம் தங்கித் தயாரானார். வெளியே நீர்புகாத வண்டித்துணி, உள்ளே ஆட்டு ரோமம் என்று தன் கணக்குக்கு ஒரு படுக்கைப்பை தைக்கச் சொன்னார். கழுதையை 65 பிராங்குக்கும் ஒரு கிளாஸ் பிராந்திக்கும் பேரம் பேசி வாங்கினார். முட்டை அடிக்கும் கருவிகூட மூட்டையில் இருந்தது! மனதாவது லேசாக இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. அவர் நேசித்த ஃபேனி ஆஸ்போர்ன் அந்த ஆகஸ்டில்தான் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தார். எழுதிச் சம்பாதிக்க வேண்டிய நெருக்கடி வேறு. ‘கால் போன போக்கு’ புத்தகத்தின் நடையில் இருக்கிறது. மூட்டையைக் கட்டியவர் வேறு ஆள்.

இரண்டாவது காரணம், அந்த ஊரே நம் இஷ்டத்துக்கு வளையாது. ஃபிரெஞ்சுக் கிராமத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை. இரண்டே காலுக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது, திங்களன்றும் பல இடங்களில் பூட்டுதான். பேருந்துக்குப் பள்ளி நாளில் ஒரு கால அட்டவணை, விடுமுறையில் வேறொன்று. அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் இலையுதிர்கால விடுமுறை தொடங்கிவிடும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் முடிந்ததும் விடுதிகள் பல குளிர்காலத்துக்கு மூடிவிடும். கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவதால் சாயங்காலம் சட்டென்று இருட்டும். காட்டுப்பன்றி வேட்டைக் காலமும் இதுதான். வேட்டை நடக்கிறது என்ற பலகையைப் பார்த்தால், அந்தப் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்பிவிட வேண்டும்.

லோஸேர் மாவட்டத்தில் மொத்தமே சுமார் 77,000 பேர். ஃபிரான்ஸின் ஐரோப்பிய நிலப்பகுதியில் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டம். அங்கே திங்கள்கிழமை இரவு ஏழு மணிக்கு, முட்டி வலிக்கிற, சைவம் மட்டும் சாப்பிடுகிற அறுபத்தெட்டு வயது அம்மாவோடு, “வாங்கம்மா, எங்கயாவது ரூம் கிடைக்கும்” என்று சொல்லிப் பாருங்கள்.

அதனால் நான் திட்டம் போட்டேன். எக்ஸெல்லில்தான். தொழில் புத்தி. ஆனால் என் வேலையில் கற்ற ஒரு விஷயம் இங்கே கைகொடுத்தது. பாதி பாரத்தில் ஓடும் சர்வரை 90 சதவீதத்துக்கு ஏற்றினால், வரிசையில் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகாது. எளிய மாதிரிக் கணக்கில் ஒன்பது மடங்கு ஆகும். 100ஐ நெருங்கினால் வரிசை நீண்டுகொண்டே போகும். நிரம்பிய அட்டவணையில் ஒரு ரயில் தாமதம் போதும், நாள் முழுக்க ஓட்டம். இதை ஆபீஸில் படம் போட்டு விளக்குகிற நாங்கள், லீவு என்று வந்தால் ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லாமல் நிரப்புகிறோம்.

ஆக, சேர்த்ததைவிட வெட்டியதுதான் அதிகம். ரோக்கமடூர் வெட்டு. லாஸ்கோ குகை வெட்டு (அசல் 1963இலேயே மூடப்பட்டுவிட்டது, பார்ப்பது நகல்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன், உண்மையில் ஆசை இருந்தது). பாரிஸில் ஒரே இரவு. ரயிலில் நீம், அங்கிருந்து அலெஸ், பிறகு வாடகைக் கார். ஃப்ளோராக்கில் சமையலறையோடு ஒரு வீடு, ஆறு இரவு. வியாழன் காலை அங்கே சந்தை. செவென் வெங்காயம் இனிப்பாக இருக்கும், அதில் சாம்பார் வைத்துப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. ஆன்டூஸிலிருந்து சேன் ழான் து கார் வரை நீராவி ரயில், அம்மாவின் முட்டிக்காக. செஸ்ட்நட் உதிரும் மாதம் அது. கோதுமை சரியாக விளையாத அந்த மலைகளில் அதுதான் ஏழைகளின் சோறாக இருந்தது. ‘ரொட்டி மரம்’ என்றே அதற்குப் பெயர். அதைப் புகையில் உலர்த்தும் கல்வீடு ஒன்றையாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பட்டியல்.

இரண்டு நாள் முழுசாகக் காலி. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இலையுதிர் காலம் என்றதும் ரீல்ஸில் தங்க நிற இலைகள்தான் வரும். செவென் பகுதிக்கே உரிய இலையுதிர்கால மழை ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று மலையில் முட்டி, சில மணி நேரத்தில் பல வாரத்து மழையைக் கொட்டிவிடும். 2002 செப்டம்பரில் கார் மாவட்டத்தில் அப்படி வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் வீட்டில் இருக்க வேண்டும். கையில் காலி நாள் இல்லாதவன் அன்றைக்கும், “இன்னைக்கு விட்டா போச்சு” என்று தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் காரை இறக்குவான்.

கடைசியில் டிராவல்ஸ்காரர் சொன்னதைக் கேட்டேன். ஆறாம் நாளுக்கு ‘ஃப்ளோராக், சுற்றுப்புறக் கிராமங்கள்’ என்று போட்டாயிற்று. பொய் ஒன்றும் இல்லை. எக்ஸெல்லில் அந்தக் கட்டம் இன்னமும் காலிதான்.

நேற்று ராத்திரி அம்மா கேட்டார், “அங்க அந்த வெள்ளை மாடுங்க இருக்குமாடா?”

“அது வேற பக்கம்மா. இங்க மலை மேல மேயறது கோதுமை நிறத்துல இருக்கும். கண்ணைச் சுத்தி மை தீட்டின மாதிரி இருக்கும்.”

“உக்காந்து பாக்க இடம் இருக்குமா?”

“இருக்கும்மா.”

“அப்ப சரி. சாம்பார் பொடி எவ்ளோ எடுத்துக்கட்டும்?”