பதினைந்து ஆண்டு ஆங்கிலமும் மூன்று மணிநேரத் தேர்வும்

மழலைப் பள்ளி வாயிலில் தொடங்கிப் பட்டப்படிப்பின் இறுதிவரை, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்தையே உண்டும் உடுத்தும் வளர்ந்த குமரிமாவட்டத்து இளைஞன் ஒருவன், பிரித்தானியாவிலோ ஆத்திரேலியாவிலோ மேற்படிப்புக்கு இடம் கேட்கும்போது முதலில் எதிர்கொள்ளும் வினா யாது? ‘உனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று எங்கே?’ என்பதே. தாய்மொழியைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டு, நிலத்தை ஒற்றிவைத்துக் கட்டிய பள்ளிக் கட்டணமெல்லாம் அந்த ஒரு வினாவின்முன் செல்லாக் காசாகிவிடுகின்றன.

ஆங்கிலத்தைப் பெரும்பான்மையோர் பேசும் நாடுகள் எனப் பிரித்தானிய உள்துறை ஒரு பட்டியல் வைத்துள்ளது. சமைக்கா, பார்படோசு, கயானா, மால்ட்டா முதலிய நாடுகளின் குடிமக்கள் நுழைவிசைவுக்கென ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுவதில்லை. இந்தியா அப்பட்டியலில் இல்லை. இதற்காக வெள்ளையன்மேல் சினங்கொள்ள ஒன்றுமில்லை. இந்நாட்டு மக்களின் மொழி ஆங்கிலம் அன்று என்னும் உண்மையை அவன் உள்ளபடி எழுதிவைத்திருக்கிறான். அவ்வுண்மையை அறியாதவர்கள், அறிந்தும் மறைப்பவர்கள், இங்கே பள்ளிக்கடை நடத்துவோரும் அவர்களை நம்பும் பெற்றோருமே ஆவர்.

குமரிமாவட்டத்துக்கு இச்செய்தி மிகவும் உறைக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. மயிலாடியில் 1809இல் இரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, நாகர்கோவிலுக்கு இடம்பெயர்ந்து 1893இல் கல்லூரியாக உயர்ந்தது. ஆங்கிலக் கல்வி இம்மண்ணுக்கு நேற்று வந்த விருந்தன்று. தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று கேட்ட ஒரே குற்றத்துக்காக, 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவலர் சுட்ட குண்டுகளுக்குத் தமிழர் இரையானதும் இம்மண்ணில்தான். 1956 நவம்பர் முதல்நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாயகத்தோடு இணைந்தன. அன்று மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களின் ஊர்களில் இன்று தெருவுக்குத் தெரு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிக்கடைகள்!

அயல்நாடு சென்று படிப்பது பிழையன்று. கற்கவும் பொருளீட்டவும் கடல்கடப்பது தமிழனுக்குப் புதிதுமன்று. பிழை, எந்தத் தேர்வை எழுதுவது என்பதையும் தாமே ஆராயாமல் கடைக்காரனிடம் ஒப்படைப்பதில் உள்ளது. மாணாக்கரைச் சேர்த்துவிடும் முகவர்க்கு அயல்நாட்டுக் கல்விநிறுவனங்கள் தரகு கொடுப்பது ஊரறிந்த செய்தி. தரகு பெறுபவன் காட்டும் வழி, தரகு வரும் வழியாகவே இருக்கும்.

ஐயெல்ட்சு எனப்படும் தேர்வு இப்பெயரில் 1989 முதல் நடந்துவருகிறது. இந்தியாவில் இதனை நடத்தும் தொழிலில் தனக்கிருந்த பங்கைப் பிரிட்டிசு கவுன்சில் 2021இல் ஐ.டி.பி. நிறுவனத்துக்கு விற்றது. விலை 13 கோடிப் பவுண்டு. இந்நாட்டு இளைஞரின் ஏக்கத்துக்கு அயலார் போட்டுக்கொண்ட சந்தைவிலை அது! ஒருமுறை எழுதவே பதினேழாயிரம் உருபாவுக்குமேல் ஆகிறது. பெற்ற மதிப்பெண் ஈராண்டுக்குமேல் செல்லாது. ஈராண்டில் மறந்துபோகும் ஒன்றைத்தான் பதினைந்தாண்டு கற்பித்தார்கள் போலும்!

முதலில் நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் முடிவு செய்துகொண்டு, அதன்பிறகே தேர்வைத் தெரிவு செய்தல் வேண்டும். பட்டப்படிப்புக்குக் கல்விசார் ஐயெல்ட்சு. வேலைக்கும் குடியேற்றத்துக்கும் பொதுப்பயிற்சி ஐயெல்ட்சு. இவை இரண்டையும் மாற்றி எழுதிக் காசிழப்பவர் உளர். பிரித்தானியாவில் பட்டத்துக்குக் கீழான அடித்தளப் படிப்பில் சேர்வோர்க்கு, அந்நாட்டு நுழைவிசைவுக்கென்றே தனியாக நடத்தப்படும் ஐயெல்ட்சு போன்ற ஏற்புடைய தேர்வுகளே செல்லும். வினாத்தாளின் அமைப்பு ஒன்றாயினும், பெயர் மாறினால் கதவு திறக்காது. வீட்டிலிருந்தே எழுதும் டூயோலிங்கோ தேர்வு கட்டணம் குறைந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதனை ஏற்கின்றன. அதனை நம்பி ஆத்திரேலிய நுழைவிசைவு கேட்டால் கிடைக்காது. அமெரிக்காவில் பிறந்த டோஃபெல்லும், பியர்சன் நிறுவனத்தின் பி.டி.இ.யும் கணிப்பொறிமுன் அமர்ந்து எழுதுபவை. பேச்சுத் தேர்வையும் ஒலிவாங்கியிடமே பேச வேண்டும். ஐயெல்ட்சில் எதிரிருந்து வினவும் ஆள் உண்டு. முகம்பார்த்துப் பேச நாணுபவர்க்குப் பொறி நல்லது. முகம்பார்த்தால்தான் பேச்சுவரும் என்பவர்க்கு ஆள் நல்லது. இதனை உரைக்க எந்தக் கடைக்காரனும் வேண்டுவதில்லை. சில பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே சான்றாக ஏற்றுக்கொள்கின்றன என்னும் செய்தியோ, கடைகளில் உரக்கச் சொல்லப்படுவதில்லை.

அயலார் தேர்வு என்பதனாலேயே அது மாசற்றது என்று நம்புவோரும் உளர். பிரித்தானியாவில் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை 2014 பிப்பிரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. டோஃபெல் நடத்தும் ஈ.டி.எசு. நிறுவனமே அதனையும் நடத்தியது. குற்றம் நடந்தது உண்மை. ஆயினும், 2011 முதல் 2014 வரை அந்நாட்டில் எழுதப்பட்ட 58,458 தேர்வுகளுள் 97 விழுக்காட்டை ஐயத்துக்குரியவை என அந்நிறுவனம் முத்திரை குத்திற்று. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ 2,500 பேர் வலிந்து வெளியேற்றப்பட்டனர். 7,200 பேருக்குக் குறையாதோர் எச்சரிக்கப்பட்டுத் தாமே வெளியேறினர். அவர்களுள் குற்றமற்றவரும் இருந்திருக்கலாம் என்பதை அவ்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது. கட்டணம் கட்டி, ஊரைவிட்டு, உறவைவிட்டுச் சென்ற இளைஞன் ஒருவனின் வாழ்க்கை, ஒரு நிறுவனத்தின் ஒற்றைச் சொல்லில் தொங்கியது. எந்தத் தேர்வு, எந்த நடுவம், யார் வழியாகப் பதிவு என்பவற்றை ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதற்கு இதனைவிட வேறென்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

இனி, இத்தேர்வில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகின்றனர்? கேட்டலில் அன்று, படித்தலிலும் அவ்வளவாக அன்று. எழுத்தில் இடறுகின்றனர். உலகெங்கும் எழுத்துப் பகுதியிலேயே மதிப்பெண் குறைகிறது என்பதை ஐயெல்ட்சு நடத்துவோரின் கணக்குகளே காட்டுகின்றன. நாற்பது மணித்துளிகளில் 250 சொற்களில் ஒரு கருத்தை எடுத்துரைத்து, கரணியம் காட்டி, நிலைநாட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் இடும் அளவைகள் நான்கு. வினாவுக்கு விடை பொருந்துகிறதா, கருத்துகள் ஒன்றோடொன்று கோவையாக இயைகின்றனவா, சொல்வளம் உண்டா, இலக்கணம் பிழையற்றதா என்பன அவை. நான்குக்கும் ஒத்த மதிப்பு. முதலிரண்டும் ஆங்கிலத்தை மட்டும் சார்ந்தனவா? எண்ணத் தெரிந்தவனுக்கும் எண்ணியதை அடுக்கத் தெரிந்தவனுக்கும் உரியவை அவை. எண்ணும் ஆற்றல் பிள்ளைக்குத் தாய்மொழியில்தான் முளைவிடுகிறது. அதனை மூன்றாம் அகவையிலேயே கிள்ளியெறிந்துவிட்டு, வினாவிடையை நெட்டுருச் செய்வித்து, இருபதாம் அகவையில் ‘உன் கருத்தை எழுது’ என்றால் அவன் எதை எழுதுவான்? எழுதக் கருத்து இருந்தால்தானே! நெட்டுருச் செய்து எழுதிய விடையை மதிப்பிடுவோர் கண்டுபிடித்து மதிப்பெண் குறைத்துவிடுகின்றனர் என்பதும் கருதத்தக்கது. இங்குள்ள பள்ளி எதற்கு முதல்மதிப்பெண் கொடுத்ததோ, அதற்கே அங்குத் தண்டம்!

தாய்மொழியில் வேரூன்றியவர்க்கு ஆங்கிலம் கைவராது என்பது கட்டுக்கதை. மொழிஞாயிறு பாவாணர் தமிழின் முதன்மையை உலகுக்கு நாட்ட 1966இல் தம் நூலை ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். தனிநாயக அடிகள் உரோமையில் பயின்றவர்; பின்னாளில் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுப்பட்டம் பெற்றவர். அவர் தமிழை ஆழக் கற்றது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், வடக்கன்குளத்தில். அவ்வேரினின்று கிளைத்த ஆங்கிலத்தில்தான் தமிழ்ப் பண்பாடு பற்றிய இதழை நடத்தி அயலாரைத் தமிழின்பால் திருப்பினார். ஆங்கிலத்தை அவர்கள் மொழியாகக் கற்றனர். மூளைக்கு மாற்றாகக் கொள்ளவில்லை.

வேறொன்றும் எண்ணத்தக்கது. செருமானியப் பல்கலைக்கழகத்தில் செருமானிய மொழிவழி இளங்கலை படிக்கச் செல்பவன் செருமானிய மொழித் தேர்வு எழுத வேண்டும். சப்பானியமொழிவழிப் படிப்புக்குச் சப்பானிய மொழியறிவைக் கேட்கின்றனர். தன்மானமுள்ள நாடு தன் வாயிலில் தன் மொழியை நிறுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அயல்நாட்டான் ஒருவன் பொறியியல் படிக்க வந்தால் அவனிடம் ஒரு தமிழ்ச்சொல்லேனும் கேட்கப்படுகிறதா? அவனிடம் கேளாதது ஒருபுறமிருக்க, இம்மண்ணின் பிள்ளையிடமே பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்று சொல்ல 2006 வரை சட்டத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. அச்சட்டத்தையும் எதிர்த்து வழக்கு மன்றப் படியேறினர்.

ஆதித்திராவிட, பழங்குடி இளைஞர்க்கு இத்தேர்வுகளுக்கான கட்டணமில்லாப் பயிற்சியைத் தாட்கோ வழியாக அரசு அறிவித்துள்ளது. நல்ல செயல். அது மீனவச் சிற்றூர்களுக்கும், இரப்பர் பால்வெட்டும் மலையோரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், ஏழையாகப் பிறந்த எவர்க்கும் நீளுதல் வேண்டும். எந்த நாட்டில், எந்தப் படிப்புக்கு, எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் செல்லும் என்பதைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு, நாகர்கோவில் மாவட்ட நூலகம் முதல் ஊர்ப்புற நூலகங்கள் வரை ஆண்டுதோறும் வைத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு, நூறு பிள்ளைகள் தவறான தேர்வை ஒருமுறை எழுதி இழக்கும் தொகையினும் குறைவாகவே இருக்கும்.