வாங்கலாமா, பொறுக்கலாமா?

2024 கார்த்திகையில் சீட்டுக்காசு கிடைத்ததும் என் தங்கை கைத்தொலைபேசி வாங்கவேண்டும் என்று நின்றாள். தைத்த சட்டைகளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் அவளுடைய சீவியம் போகிறது. அவள் விரும்பியது சம்சுங் கலக்ஸி எஸ்24, அந்த வரிசையில் சாதாரண மாதிரி. வெளிவந்து பத்து மாதமாகியிருந்தது.

"பழசாப் போச்சோ அக்கா?" என்றாள். இல்லை. 2024 தையில் வெளியிட்டபோதே ஏழு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவதாக நிறுவனம் சொன்னது. ஆனால் தோழியரே, அந்தக் கணக்கு தொலைபேசி வெளிவந்த நாளிலிருந்து ஓடுவது. நாம் காசு கொடுத்த நாளிலிருந்து அல்ல. பிந்தி வாங்கினால் அந்த மாதங்கள் நமக்கில்லை. என்றாலும் ஆறு ஆண்டு மிஞ்சும், அது போதாதா?

அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் கமரா சட்டைப் படத்துக்கு எதற்கு? இதிலுள்ள 50 தாராளம். மின்கலம்தான் சிறிது: 4000 மில்லி அம்பியர் மணி, அல்ட்ராவில் 5000. நாள் முழுக்கக் கதைப்பவர்கள் அதை யோசிக்கவேண்டும்.

தையில் அடுத்த மாதிரி வரும், பொறு என்றேன். முகம் சுருங்கியது. 2025 தையில் எஸ்25 அறிவிக்கப்பட்டது. கடைக்காரர் பழைய மாதிரியின் விலையை இறக்கினார். மாசியில் வாங்கினாள். மிச்சத்தில் துணி எடுத்தாள்.

காசு கொடுக்குமுன் *#06# அழுத்திப் பாருங்கள். வரும் 15 இலக்கமும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். ஐஎம்இஐ என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அவ்விலக்கத்தை 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள்.