எல்லா மனநல டாக்டரும் தீசிஸ் எழுதுறாங்க... ஆனா ஆய்வாளர்கள் ஏன் உருவாகறதில்ல?

காலையில் வார்டு ரவுண்ட்ஸ். அது முடிந்ததும் ஓ.பி. மதியம் வரை வரிசை குறையாது. நடுவில் எமர்ஜென்சியிலிருந்து போன் வரும்: 'தற்கொலை முயற்சி கேஸ், சீக்கிரம் வாங்க.' இரவு டூட்டி இல்லாத நாளில் ரூமுக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தால்தான் தீசிஸ் வேலை.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. சைக்கியாட்ரி படிக்கும் பி.ஜி. மாணவர்களின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. இந்தியாவில் எம்.டி. முடிக்கும் ஒவ்வொரு மனநல மருத்துவரும் ஓர் ஆய்வைச் செய்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். ஆனால், அவர்களில் ஆய்வையே தொழிலாக எடுப்பவர்கள் மிகக் குறைவு. ஏன்?

மூணு வருஷத்துல என்னதான் நடக்குது?

எம்.டி. படிப்பு 3 ஆண்டுகள், அதாவது 36 மாதங்கள். தேர்வுக்கு 6 மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். மிச்சம் 30 மாதம். அதில் தலைப்பு தேர்வு, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி ஆகியவற்றுக்குச் சில மாதங்கள் போய்விடும். மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் பணியாற்றுவதும் கட்டாயம். இத்தனைக்கும் நடுவில்தான் நோயாளிகளிடம் தகவல் சேகரித்து, கணக்குப் போட்டு, எழுதி முடிக்க வேண்டும்.

அதனால் பலரும் சீக்கிரம் முடியக்கூடிய தலைப்பையே எடுக்கிறார்கள். ஒரே மருத்துவமனை, குறைந்த எண்ணிக்கையில் நோயாளிகள், ஒரே ஒருமுறை கேள்வித்தாள். சிகிச்சைக்குப் பிறகு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார், வேலைக்குப் போகிறாரா, மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்ற கேள்விகளுக்கு இந்தக் கால அளவில் இடமே இல்லை.

ஆய்வு முறைகள் பற்றி யாரும் சொல்லித் தருவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. பி.ஜி. மாணவர்களுக்கு ஆய்வு முறை பற்றிய ஆன்லைன் கோர்ஸ் உண்டு. அதை நடத்துவது சென்னையில் இயங்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஆனால், நீச்சல் பற்றி வீடியோ பார்ப்பது வேறு, குளத்தில் இறங்குவது வேறு. பக்கத்தில் நின்று சொல்லித் தரும் கைடும், வாரத்தில் அதற்கென்று கொஞ்சம் நேரமும் இருந்தால்தான் கற்றது கைக்கு வரும்.

சரி, டாக்டர்களே பத்தாதப்போ ஆய்வு எதுக்கு?

நியாயமான கேள்விதான். நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2023 அறிக்கைப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலான பாதிப்புகளில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் சிகிச்சை பெறவில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு டாக்டரை ஓ.பி.யிலிருந்து எழுப்பி ஆய்வுக்கு அனுப்புவது சரியா?

இதற்குப் பதில் கோவாவில் கிடைக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் தலைமையிலான குழு, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வுகள் ஆலோசனை தர வைத்தார்கள். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாகின.

ஒரு டாக்டர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால், டாக்டரே இல்லாத ஊரிலும் சிகிச்சை தர முடியும் என்று ஒரு நல்ல ஆய்வு காட்டிவிட்டால், அதன் பலன் எத்தனையோ ஊர்களுக்குப் போகும். டாக்டர்கள் குறைவு என்பதே ஆய்வு வேண்டும் என்பதற்கான காரணமும்கூட.

வெளிநாட்டு ஆய்வை வச்சு சமாளிக்க முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் முழுசா முடியாது. மனச்சோர்வை அளக்க இன்றும் பயன்படும் ஹாமில்டன் அளவுகோல் 1960இல் பிரிட்டனில் உருவானது. நம்ம ஊர் ஓ.பி.யில் வந்து உட்காருபவர் 'எனக்கு மனச்சோர்வு' என்று ஆரம்பிப்பது அரிது. 'நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது, தூக்கமே இல்ல' என்பார். இந்த இரண்டையும் சரியாகப் பொருத்திப் பார்க்க, இங்கே நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்தான் வேண்டும்.

சென்னையே இதற்கு உதாரணம். 1980களின் தொடக்கத்தில், முதல்முறையாக ஸ்கிசோஃப்ரினியாவால் பாதிக்கப்பட்ட 90 பேரை இங்குள்ள மனநல மருத்துவர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட இந்த 'மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடி'தான், இந்தியச் சூழலில் அந்த நோய் எப்படிப் போகிறது என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆதாரங்களில் ஒன்று. 30 மாத தீசிஸில் இப்படி ஓர் ஆய்வு நடக்க வாய்ப்பே இல்லை.

மத்த நாடுகள் என்ன பண்ணுது?

பிரிட்டனில் 'அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோஷிப்' என்ற பயிற்சி முறை இருக்கிறது. இதில் சேரும் இளம் டாக்டரின் வேலை நேரத்தில் 75 சதவீதம் சிகிச்சைக்கு, 25 சதவீதம் ஆய்வுக்கு. அந்த 25 சதவீத நேரத்தில் வார்டு வேலை கிடையாது.

அமெரிக்காவில் சைக்கியாட்ரி ரெசிடென்சி 4 ஆண்டுகள். ஆய்வுப் பயிற்சி போதாது என்று 2003இலேயே அந்நாட்டின் மருத்துவ நிறுவனம் தனி அறிக்கை வெளியிட்டது. ரெசிடென்சியிலேயே ஆய்வுப் பயிற்சி தரும் திட்டங்களுக்கு அங்குள்ள தேசிய மனநல நிறுவனம் நிதி கொடுக்கிறது. ஆய்வுக்கு வரும் டாக்டர்களின் கல்விக் கடனில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அரசே அடைக்கும் திட்டமும் உண்டு. தனியார் பிராக்டீஸில் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வருபவருக்கு இது முக்கியமான உதவி.

இங்க என்ன மாறணும்?

இந்தியாவிலும் வழிகள் அடியோடு அடைபட்டுவிடவில்லை. மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையும் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து நடத்தும் 'இந்தியா அலையன்ஸ்', ஆய்வு செய்யும் டாக்டர்களுக்குத் தனி ஃபெலோஷிப் தருகிறது. ஆனால், அதற்கு விண்ணப்பிக்கும் தகுதிக்கு ஒருவர் வளர வேண்டிய இடம் எம்.டி. காலம். சிக்கலே அங்கேதான்.

பெரிய பணம் இல்லாமலே செய்யக்கூடிய மாற்றங்கள் உண்டு. விருப்பமுள்ள பி.ஜி.க்கு வாரத்தில் ஒரு நாளாவது டூட்டியிலிருந்து விலக்கு தரலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தலைப்பைத் தேடாமல், துறையே ஒரு கேள்வியை எடுத்து, ஒவ்வொரு பேட்சும் அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கலாம். அப்போது 5 பேட்சின் தீசிஸ் சேர்ந்து ஒரு 5 ஆண்டு ஆய்வாகும். மாவட்ட மருத்துவமனையில் கழியும் 3 மாதத்தையும் இதோடு இணைக்கலாம்.

ஆனால், படிப்பு முடிந்ததும் எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். சிகிச்சை, ஆய்வு இரண்டுக்கும் சம்பளம் தரும் பணியிடங்கள் இல்லாவிட்டால், ஆர்வத்தோடு வந்தவரும் கிளினிக் போர்டு மாட்டத்தான் போவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஒவ்வொரு ஆண்டும் எழுதி முடிக்கப்படும் தீசிஸ்கள் பைண்டிங் செய்யப்பட்டு லைப்ரரி அலமாரிக்குப் போகின்றன. அவற்றுக்குள் இருக்கும் நோயாளிகளை மறுபடி தேடிப்போய் 'இப்ப எப்படி இருக்கீங்க?' என்று கேட்க ஒரு டாக்டருக்கு நேரமும் சம்பளமும் கிடைத்தால், ஆய்வு அங்கிருந்தே தொடங்கிவிடும்.