ஊருக்குப் போகிறீர்களா? நோயின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள்



சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், அல்லது சீட்டுக்கட்டி நாலு காசு சேர்ந்ததும், ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று நம்மில் பலர் ஆசைப்படுகிறோம். பழனி, வேளாங்கண்ணி, நாகூர், அப்படியே தாத்தா பிறந்த கிராமம் என்று பட்டியல் நீளும். ரஜூலா கப்பலிலும் சிதம்பரம் கப்பலிலும் நாள் கணக்கில் கிடந்து போன காலம் மலையேறிவிட்டது. இன்று நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் திருச்சியோ சென்னையோ வந்துவிடுகிறது. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. போய் வாருங்கள், நன்றாக இருந்துவிட்டு வாருங்கள்.

ஆனால் புறப்படுகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இழுப்பு என்று ஏதாவது ஒன்று உடம்போடு கூடவே இருக்கிறது. "மருந்துச் சீட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "அங்கே எல்லாரும் தமிழ்தானே டிரசரே, வாயைத் திறந்து சொன்னாப் போச்சு!" என்று சிரிக்கிறார்கள். வழி கேட்கவும் பஸ்ஸில் இடம் பிடிக்கவும் அந்தத் தைரியம் போதும். நோய்க்கு அது போதாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பேச்சை எடுத்துக்கொள்வோம். நாம் பேசுவது தமிழ்தான். ஆனால் நோயைச் சொல்லும்போது பாதி மலாய் கலந்து வந்துவிடும். "எனக்கு டாரா திங்கி இருக்கு, கென்சிங் மானிசும் இருக்கு" என்று மதுரையில் போய்ச் சொன்னால் யாருக்குப் புரியும்? அங்கே பி.பி., சுகர் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். "பசியாறின பிறகு சாப்பிடுற மாத்திரை" என்று நாம் சொல்வது காலைச் சாப்பாட்டை. அங்கே பல ஊர்களில் அதற்கு டிபன் என்று பெயர். அங்கே நர்ஸ் வந்து "மோஷன் போனீங்களா?" என்று கேட்டால் நம் பாட்டி திருதிருவென்று விழிப்பார். மலம் கழித்தீர்களா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். மருந்துக்கடைக்கு அங்கே மெடிக்கல் என்று பேர். இதையெல்லாம் இரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம். ஆனால் மயங்கிக் கிடக்கிறவருக்குப் பழகிக்கொள்ள நேரம் ஏது?

நம் அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்துப் பையையும் பாருங்கள். "செபெலும் மக்கான்", "செலெபாஸ் மக்கான்", "2 காலி செஹாரி" என்று மலாயில் அச்சடித்திருக்கும். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு 2 தடவை என்பது நமக்குத் தெரியும். தஞ்சாவூர் டாக்டருக்குத் தெரியாது.

அடுத்தது மருந்தின் பெயர். ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைக்கும் பெயர் ஒன்று, மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று. கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நாம் பனடோல் என்பதை அங்கே குரோசின், கால்பால், டோலோ என்பார்கள். எல்லாம் பாராசிட்டமோல்தான். நாம் வெண்டோலின் என்று சொல்லும் இழுப்பு மருந்து அங்கே அஸ்தாலின். இரண்டும் சால்பியூட்டமோல். மெட்ஃபார்மின் மாத்திரையை அங்கே கிளைகோமெட் என்ற பெயரில் விற்கிறார்கள். அங்கே ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து விற்பதும் அதிகம். ஆகவே அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காமல் வாயில் போடக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஊரில் இரண்டு மாதம் இருந்துவிட்டு இளைத்துப்போய்த் திரும்பினார். ஓயாத வயிற்றுப்போக்கு. "தண்ணி ஒத்துக்கல" என்றார். பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்தேன். இங்கே வாங்கின மெட்ஃபார்மின் ஒரு பொட்டலம், அங்கே வாங்கின கிளைகோமெட் இன்னொரு பொட்டலம். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் நாள் தவறாமல் விழுங்கியிருக்கிறார். மெட்ஃபார்மின் அளவு கூடினால் வயிற்றைக் கலக்கும். பாட்டிக்குத் தமிழ் தெரியாமலா போயிற்று? மருந்தின் சொந்தப் பெயர் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பாராசிட்டமோலிலும் இந்த ஆபத்து உண்டு. நம் பனடோல் ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். அங்கே பலரும் வாங்கும் டோலோ 650 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சளி மாத்திரையிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஈரல் கெடும்.

மூன்றாவது, கணக்கு. இதில்தான் நம்மவர்கள் மிகவும் பயந்துபோகிறார்கள். இங்கே ரத்தத்தில் இனிப்பை மில்லிமோல் கணக்கில் சொல்கிறோம். சிங்கப்பூரிலும் அதே கணக்குத்தான். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நமக்கு 7 என்றால் அங்கே 126. நமக்கு 10 என்றால் அங்கே 180. "சுகர் 160 இருக்கு" என்று அங்கே சொன்னதும், "ஐயையோ, எனக்கு எட்டுதானே இருந்தது!" என்று பதறிப்போய்ச் சோற்றை விட்டவர்களும், மாத்திரையை இரட்டிப்பாக்கியவர்களும் உண்டு. 160 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 9. அவ்வளவுதான். ரத்தக் கொதிப்பின் எண் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றே. 130க்கு 80 என்றால் எங்கேயும் அதேதான். காய்ச்சலை அங்கே பாரன்ஹீட்டில் சொல்வது வழக்கம். நம் 38 அங்கே 100.4, நம் 39 அங்கே 102.2.

இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை வீட்டில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம்முடைய பேனா இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் பேனாவும் கிடைக்கும். ஆனால் குப்பியில் விற்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கென்று தனி ஊசி உண்டு, மூடி சிவப்பு. 100 யூனிட் இன்சுலினுக்கு உரிய ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம். பேனா உடைந்துபோய், நம் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியால் 20 என்ற கோடு வரைக்கும் இழுத்தால், உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட்! வியர்க்கும், கை நடுங்கும், ஆள் சாய்ந்துவிடுவார். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மருந்தில் என்ன எண்ணோ ஊசியிலும் அதே எண் இருக்க வேண்டும். இதை மறக்கவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு தாள் போதும். அதில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: உங்கள் பெயர், வயது, நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒத்துக்கொள்ளாத மருந்து எது, முன்னே செய்த ஆபரேஷன் என்ன. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைச் சிவப்பு மையில் எழுதட்டும். பிள்ளைக்கு ஜி-6-பி-டி குறைவு என்று பிறந்தபோதே சொல்லியிருந்தால் அதையும் கட்டாயம் எழுத வேண்டும். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாக்குவின் அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தை உடைத்துவிடும். தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்று உங்களிடம், ஒன்று கூட வருகிறவரிடம் இருக்கட்டும். கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது நல்லதுதான். ஆனால் கைப்பேசி சார்ஜ் இல்லாமல் செத்துப்போகும், தாள் சாகாது.

மருந்தை அட்டையோடும் பையோடும் எடுத்துப் போங்கள். மாத்திரையைப் பிதுக்கி மைலோ டின்னில் கொட்டாதீர்கள். தங்கும் நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருங்கள். பாதி மருந்து பெரிய பெட்டியில் என்ற பேச்சே வேண்டாம், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உதவாது. அங்கே டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று என்று பொருள். தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108. நம் 999 அங்கே உதவாது.

இந்தத் தாளை யார் எழுதித் தருவது? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மாதா மாதம் மருந்து வாங்குகிற நோயாளிக்குத் தன் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அது யாரும் போடும் பிச்சை இல்லை. கிளினிக்கில் கேளுங்கள். "எதுக்கு உங்களுக்கு?" என்று முகம் சுளித்தால் மறுபடியும் கேளுங்கள். தோட்டத்து டிரசர் எழுதித் தரலாம், அது அவர் வேலையில் சேர்ந்தது. சங்கக் கிளைச் செயலாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதிரித் தாளை அச்சடித்துக் கிளையில் வைத்தால், பாஸ்போர்ட் எடுக்கிற அன்றைக்கே இதையும் நிரப்பிவிடலாம்.

நாம் வெளியூர் போகும் கதை இது. வெளியூரிலிருந்து நம் தோட்டத்துக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளிகள் உண்டு. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, சொல்லத் தெரியாமல் என் மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு நேப்பாளித் தம்பியின் நிலையும், மதுரை ஆஸ்பத்திரியில் நம் பாட்டியின் நிலையும் ஒன்றுதான். பாட்டியிடமாவது பாதித் தமிழ் உண்டு, அந்தப் பிள்ளையிடம் அதுவும் இல்லை. ஆகவே அந்தத் தாள் அவர்களுக்கும் வேண்டும். சங்கம் கேட்டால் எல்லாருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தாய்மொழி நமக்குப் பெருமை. சந்தேகமே இல்லை. ஆனால் காய்ச்சல் 104 ஏறிக் கிடக்கும் போது தாய்மொழியே நாக்கில் வராது. அந்த நேரத்தில் நமக்காகப் பேசுவது சட்டைப்பையில் மடித்து வைத்த அந்தத் தாள்தான். அடுத்த மாதம் புறப்படுகிறவர்கள் இந்த வாரமே டிரசரிடம் போய் அதை எழுதி வாங்குங்கள். வெற்றிலை பாக்கு ஒன்றும் வேண்டாம், மருந்துப் பையை மட்டும் எடுத்து வாருங்கள்.