ஊசி போட்டாச்சு என்று இருந்துவிடாதீர்கள்



புராஸ்டேட் என்பது ஆண்களின் மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பி. மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில், குடல், நுரையீரலுக்கு அடுத்து மூன்றாவது இடம் இதற்குத்தான். (ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர்கள் உடனே பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது வயதினால் வரும் வீக்கம். இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.)

நான் இங்கே பேச வந்தது, நோய் கண்டு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணன்மார்களைப் பற்றி. ஊசி போட்டதும் எலும்பு வலி குறைகிறது. உடனே, "இப்பதான் நல்லா இருக்கேனே, எதுக்கு மறுபடியும் பஸ் ஏறி கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்?" என்கிறார்கள். இது பெரிய தப்பு.

பால் மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், பட்டையில் எத்ரெல் தடவினால் பால் கூடும். மரம் அதே மரம்தான், அதற்குப் போன உத்தரவுதான் வேறு. நம் உடம்பிலும் அப்படியே. செல்லுக்குள் இருக்கும் ஜீன்களில் எது வேலை செய்ய வேண்டும் என்று ஹார்மோன் சொல்கிறது. 2005-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். (பெயரைப் பார்த்தீர்களா!) பல புராஸ்டேட் கட்டிகளில் இரண்டு ஜீன்கள் உடைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ஆண் ஹார்மோன் தட்டி எழுப்புகிற ஜீன், மற்றது புற்றை வளர்க்கிற ஜீன். ஆக, ஆண் ஹார்மோனே புற்றுக்கும் உத்தரவு போடுகிறது.

அந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று 1941-இலேயே சிகாகோவில் டாக்டர் ஹக்கின்ஸ் காட்டிவிட்டார். 1966-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் புற்றுச் செல் லேசுப்பட்டதல்ல. பட்டினி போட்டால், கிடைக்கிற துளி ஹார்மோனையும் பிடிக்க, பிடிக்கும் கையை அதிகமாக்கிக்கொள்கிறது. சில செல்கள் ஹார்மோனே இல்லாமல் வேலை செய்யும் குறைக் கையை உண்டாக்குகின்றன. சில, ஹார்மோனைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. இது உங்களுக்கு வெளியே தெரியாது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில்தான், வலி வருவதற்கு முன்பே பெரும்பாலும் தெரியும். அப்போது டாக்டர் மருந்தை மாற்றலாம். அபிராட்டெரோன், என்சாலுடமைட் என்ற மாத்திரைகள் 2011, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, இதற்காகத்தான்.

ஊசியினால் உடம்பு திகுதிகுவென்று சுடும், ஆசை குறையும், எலும்பு பலவீனமாகும். அதற்காக பிரிக்பீல்ட்ஸ் பக்கம் லேகியம் தேடிப் போகாதீர்கள். வெட்கப்படாமல் டாக்டரிடமே சொல்லுங்கள். அக்காமார்களே, நீங்களும் கூடப் போங்கள். அவர் சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லிவிடுவீர்கள்!

நாள் சம்பளம் போகுமே என்ற கவலையா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. டாக்டரிடம் எம்.சி. கேட்டு வாங்கிக் கொடுங்கள். கிராணி முகம் சுளித்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வந்து சொல்லுங்கள்.